கோளாறு வண்டியிலா, அப்பாவின் காலிலா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கார் ஏழு வருடப் பழைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக். இரண்டு மாதமாக, டேங்க் நிரப்பினால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பெட்ரோல் வாடை வருகிறது, நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. போன வாரம் பெட்ரோல் போட்டுவிட்டு வந்த அப்பா (வயது 67) பார்க்கிங்கில் நிறுத்தும்போது வண்டி சட்டென்று பாய்ந்து சுவரில் மோதிவிட்டது. ஏர்பேக் விரியவில்லை, அவருக்கும் அடி இல்லை. "பிரேக்கில்தான் கால் இருந்தது" என்று சத்தியம் செய்கிறார். சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, "வண்டியில் ஒன்றும் இல்லை, ஐயா காலை மாற்றி வைத்திருப்பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தம்பி சாவியை ஒளித்து வைத்துவிட்டான். அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. நாங்கள் யாரை நம்புவது சார்?

பதில்:

தம்பி சாவியை ஒளித்தது ஒரு விதத்தில் நல்லதுதான் அம்மா, ஆனால் அவன் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. பெட்ரோல் வாடை அடிக்கிற வண்டியைக் காரணம் தெரியும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, அப்பா மட்டுமல்ல, தம்பியும்தான். இன்னொன்று, மோதலுக்குப் பிறகு அந்த வண்டியை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு சாட்சி அதற்குள் மிச்சமிருக்கும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக வண்டிக் கோளாறு கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. "தானாகப் பாய்ந்தது" என்று வருகிற ஒவ்வொரு கேஸிலும் இரண்டு கட்சி இருக்கும். ஓட்டியவர் வண்டி மேல் பழி போடுவார், பட்டறைக்காரர் கால் மேல் போடுவார். நான் பார்த்தவரை நிறைய கேஸ்களில் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் கேஸும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல வண்டியைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் பக்கம். டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கிறது, வாடை அடிக்கிறது, ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுகிற வேகம்) தள்ளாடுகிறது என்று மூன்றையும் சேர்த்து ஒருவர் சொன்னால், பானெட்டைத் திறக்கும் முன்பே என் மனதில் வருவது பர்ஜ் வால்வு. டேங்கில் கிளம்புகிற பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல், கரி நிரப்பிய ஒரு டப்பாவில் பிடித்து வைப்பார்கள், கேனிஸ்டர் என்பது அதைத்தான். வண்டி ஓடும்போது இந்தச் சின்ன வால்வு அளவாகத் திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பி எரித்துவிடும். வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், டேங்க் நிரப்பியதும் கிளம்புகிற ஆவி முழுவதும் ஸ்டார்ட் செய்கிற நேரத்தில் இன்ஜினுக்குள் போய் மூச்சு முட்டவைக்கும். அப்புறம் ஐடிலிங்கில் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும், முள் ஏறி இறங்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கசிவு இல்லை என்று பார்த்து முடித்த பிறகு, மெக்கானிக் இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, பர்ஜ் வால்வுக்கு வருகிற கேனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்துப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். விரலை இழுத்துப் பிடித்தால் வால்வு போய்விட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஸ்கேனரை மாட்டி, "கோடு (கோளாறு என்று வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற எண்) இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள் என்றால் அது சோதனையே இல்லை.

சரி, அந்த வால்வுதான் காரைச் சுவர்மேல் ஏற்றியதா? இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். பெட்ரோல் இன்ஜினின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நீங்கள் திறப்பது பெட்ரோல் குழாயை அல்ல, த்ராட்டில் என்கிற காற்றுக் கதவை. எவ்வளவு காற்று வருகிறது என்று பார்த்து அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் ஊற்றும். காற்றைக் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் இன்ஜின் சீறாது, புகையைக் கக்கித் திணறி நின்றுவிடும். பர்ஜ் குழாயோ சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அது வழியாகக் காற்றும் ஆவியும் சேர்ந்தே போனாலும் ஐடிலிங் சில நூறு ஆர்பிஎம் ஏறலாம், அதற்கு மேல் வாய்ப்பில்லை. 750-இல் நிற்க வேண்டிய முள் 1400 காட்டும், ஆட்டோமேட்டிக் வண்டி டி-யில் (முன்னே போகிற கியர்) இருந்தால் வழக்கத்தைவிட வேகமாக நகரும், பிரேக்கில் லேசாக வைத்த காலை மீறி ஓர் அடி முன்னே உந்தும்.

அந்த ஓர் அடிதான் விஷயமே.

1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற காரைப் பற்றி இதே புகார் கிளம்பியது. பார்க்கிங்கில் இருந்து கியர் போட்டதும் பாய்கிறது, பிரேக் பிடிக்கவில்லை என்று நூற்றுக்கணக்கானவர்கள் சொன்னார்கள். 1986-இல் தொலைக்காட்சியில் வந்தது, ஊரே பேசியது. 1985-இல் 74,000 கார் விற்ற ஆடி அங்கே 1991-இல் 12,000 சொச்சம்தான் விற்றது. 1989-இல் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆய்வை முடித்து, பெரும்பாலும் காரணம் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் என்றது. எல்லோரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதே ஆய்வு, ஐடிலிங்கைக் கட்டுப்படுத்துகிற பாகம் சில வண்டிகளில் கோளாறாகி எதிர்பாராத சின்ன உந்தல் கொடுத்ததையும் பதிவு செய்தது. வண்டி திடீரென்று ஓர் உந்து உந்துகிறது, ஓட்டுபவர் திடுக்கிட்டுப் பிரேக்கைத் தேடிக் காலை அமுக்குகிறார், கால் பக்கத்துப் பெடலில் விழுகிறது. வண்டி பாய்கிறது, பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று மனம் நம்புவதால் இன்னும் பலமாக அமுக்குகிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நடந்தது அப்படித்தான். பிரேக்கை மிதித்தால்தான் பி-யிலிருந்து (பார்க்கிங் நிலை) கியர் நகரும் என்கிற பூட்டு இன்றைக்குப் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சாதாரணமாகிவிட்டதற்கு அந்தக் கலவரம் ஒரு முக்கியக் காரணம்.

அதனால் அப்பாவிடம் போய் "நீங்கள்தான் மாற்றி மிதித்தீர்கள்" என்று சொல்லாதீர்கள். வண்டி முதலில் உந்தியதா, சத்தம் முதலில் கேட்டதா, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, கியர் எதில் இருந்தது, திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். உடம்பைத் திருப்பும்போது வலது கால் தன்னையறியாமல் இடம் மாறும், எனக்கும் மாறும். வண்டியை அணைத்த நிலையில் உட்காரவைத்து, அன்றைக்கு இருந்தது போலவே காலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அன்று போட்டிருந்த அதே செருப்போடு.

வண்டியின் மேல் முழுப் பழியும் விழக்கூடிய வழிகள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிகச் சாதாரணமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: மேட். சில வருடம் முன்பு ஒருவர் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்கிறது என்று வந்தார், ஏற்கனவே இரண்டு இடத்தில் த்ராட்டில் பாடியை மாற்றிக் காசு வாங்கியிருந்தார்கள். ஓட்டுநர் பக்கம் கம்பெனி மேட்டுக்கு மேலே தடிமனான ரப்பர் மேட் ஒன்று கிடந்தது, அதன் மேல் ஓரத்தில் பெடலின் அடி நுனி பதிந்து பிறை போல ஒரு தழும்பு. பெடலைத் தரைவரை மிதித்தால் அந்தப் பிறையில் போய்க் கச்சிதமாக மாட்டிக்கொண்டது. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி நான்கு பேர் இறந்ததும், வேறு மாடலுக்கான ரப்பர் மேட் பெடலைப் பிடித்துக்கொண்டதால்தான். அதற்குப் பின் டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது, 2010 ஜனவரியில் பெடலே ஒட்டிக்கொள்கிறது என்று இன்னொரு அழைப்பும் வந்தது. ஆகவே டார்ச்சைப் பிடித்து உங்கள் வண்டியின் மேட்டை முதலில் பாருங்கள், கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். பெடலுக்கு அடியில் உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் இருந்தால் அதையும்.

மின்னணுக் கோளாறு? இந்தக் காலத்துப் பெடலில் கம்பி கிடையாது, எவ்வளவு மிதித்தீர்கள் என்று சொல்ல இரண்டு சென்சார்கள் தனித்தனியாகச் சேதி அனுப்பும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் யாரையும் நம்பாமல் வேகத்தை அடக்கி, வண்டியை நொண்டவிடும். பி 2138 என்ற கோடு வந்தால் விஷயம் இதுதான். டொயோட்டா விவகாரத்தில் நாசா பொறியாளர்களே மாதக்கணக்கில் தேடினார்கள். ஒரு பெடல் சென்சாரில் மயிரிழை போன்ற தகர இழைகள் முளைத்துக் குறுக்கே இணைந்திருந்ததைக் கண்டார்கள், ஆனால் வண்டியை முழு வேகத்தில் பாயவைக்கும் மின்னணுக் குறை எதுவும் சிக்கவில்லை என்று 2011-இல் முடிவு வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஓக்லஹோமாவில் ஒரு விபத்து வழக்கில் மென்பொருள் நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2014-இல், பெடல் பிரச்சினையில் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக அந்த கம்பெனி அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. இதெல்லாம் தெரிந்தவன் "வண்டி தப்பே பண்ணாது" என்று சத்தியம் செய்யமாட்டான். அப்படிச் செய்கிற சர்வீஸ் அட்வைசரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

டீசல் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் மேலே சொன்ன காற்றுக் கணக்கு அங்கே தலைகீழ். டீசலுக்குக் காற்று எப்போதும் திறந்தே இருக்கும், எரிபொருள்தான் வேகம். டர்போவின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பாகம்) சீல் போய் இன்ஜின் ஆயிலே உள்ளே இழுக்கப்பட்டால் அதையே குடித்துக்கொண்டு இன்ஜின் கத்தும், சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் அடங்கும். உங்களுக்கு இது பொருந்தாது.

பெட்ரோல் வண்டியில் எரிபொருள் கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் வேலை செய்யும், வண்டி பாயாது, படுத்துவிடும். 2020-இல் தொடங்கி டென்சோ தயாரித்த ஃப்யூல் பம்புகளுக்காக டொயோட்டா, ஹோண்டா எனப் பல கம்பெனிகள் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. பம்புக்குள் சுழல்கிற பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உரசி நின்றுவிடும், ஓடுகிற வண்டி நடுச்சாலையில் அணையும். இதிலும் ஒரு பாய்ச்சல் ஒளிந்திருக்கிறது பாருங்கள். பம்ப் பலவீனமாகி வண்டி இழுக்காதபோது ஓட்டுபவர் பெடலை இன்னும் ஆழமாக மிதிப்பார், சட்டென்று அழுத்தம் திரும்பியதும் அந்த ஆழத்துக்கு ஏற்ற வேகம் மொத்தமாக வந்து சேரும். சாலையில் போகும்போது எப்போதாவது திணறிவிட்டுத் துள்ளியதா என்று அப்பாவிடம் இதையும் கேட்டுவையுங்கள்.

இப்போது சாட்சி விஷயம். முதலில் பார்க்கிங்கில் கேமரா இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள், பல இடங்களில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். காரின் பின்பக்கம் தெரிகிற காட்சி கிடைத்தால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, மோதும் முன் பிரேக் விளக்கு எரிந்ததா. எரிந்திருந்தால் அப்பா சொல்வதற்குப் பெரிய பலம். எரியவில்லை என்றால் கால் பிரேக்கில் இல்லை, அல்லது பிரேக் சுவிட்ச் கெட்டிருக்கிறது. சுவிட்சைச் சோதிக்க ஒருவர் மிதிக்க இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தால் போதும், இன்ஜின் ஓட வேண்டியதில்லை.

அடுத்தது ஏர்பேக் கம்ப்யூட்டர். பல கார்களில் அதற்குள் ஒரு பதிவுப் பெட்டி இருக்கும், மோதலுக்கு முந்தைய 5 விநாடியில் வேகம் என்ன, ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம், பிரேக் மிதிக்கப்பட்டதா என்று வைத்திருக்கும். ஏர்பேக் விரியாத மோதலைக்கூட, அடி ஓரளவு பலமாக இருந்தால் பதிவு செய்யும், ஆனால் விரியாத மோதலின் பதிவை அடுத்த சம்பவம் அழித்து எழுதக்கூடும். வண்டியை ஓட்ட வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னதற்கு இது ஒரு காரணம். உங்கள் மாடலில் அது இருக்கிறதா, எடுத்துத் தருவீர்களா என்று கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். ஆக்சிலரேட்டர் 100, பிரேக் இல்லை என்று வந்தால் கால்தான் என்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆக்சிலரேட்டர் 0, ஆர்பிஎம் மட்டும் எகிறியது என்றால் வண்டிதான் குற்றவாளி. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இரண்டும் பதிவாகியிருந்தால் மேட்டைப் பாருங்கள், பெடலைப் பாருங்கள், அகலமான செருப்பு இரண்டையும் சேர்த்து மிதித்ததா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை, அந்தப் பெட்டி எழுதுவது பெடல் சென்சார் சொன்னதைத்தான். சென்சாரே பொய் சொன்னால் பெட்டியும் பொய்தான் எழுதும், அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

சர்வீஸ் சென்டர் "கோடு எதுவும் இல்லை" என்றதை எப்படிச் சரிபார்ப்பது? வேறொரு நல்ல மெக்கானிக்கிடம் ஸ்கேனரை மாட்டி, கோடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஏழு வருட வண்டியில் அந்த எண் 4 என்றோ 6 என்றோ இருந்தால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். சுயசோதனைகள் முடியவில்லை என்று காட்டினாலும் அதே சந்தேகம்தான், பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அப்படி வரலாம். கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மெனக்கெட்டு மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஸ்கேனரை மாட்டியதும் அழி பொத்தானை அமுக்குவது பாதிப் பேருக்குக் கைப்பழக்கம்.

புகார் எழுதும்போது "வண்டி தானாகப் பாய்ந்தது, மன உளைச்சல்" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். தேதி, நேரம், பெட்ரோல் போட்டு எத்தனை நிமிடம், டேங்க் எவ்வளவு, ஏசி நிலை, கியர், எரிந்த விளக்குகள், இரண்டு மாதமாக இருந்த தொல்லைகள், அதற்காக முன்பே காட்டிய ஜாப் கார்டு இருந்தால் அதன் எண், எல்லாம் ஒரே பக்கத்தில். சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுத் திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிலை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள், என்னென்ன சோதித்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

இனி மறுபடி யாருக்காவது இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் ஒரு முறை பழகிவிடுவது நல்லது. பிரேக்கை ஒரே அமுக்காக, முழுப் பலத்தோடு மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது, ஏனென்றால் த்ராட்டில் அகலத் திறந்திருக்கும்போது பிரேக்குக்குத் துணை செய்கிற வெற்றிடம் புதிதாக உருவாகாது, சேமிப்பில் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதற்குப் பின் பெடல் கல்லாகிவிடும். நல்ல நிலையில் இருக்கிற பிரேக் பொதுவாக இன்ஜினை வென்றுவிடும். கூடவே கியரை என்-க்கு, அதாவது நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். இன்ஜின் அலறட்டும், கவலை வேண்டாம், சக்கரத்துக்குப் போகாது. வண்டி நின்ற பிறகு அணைக்கலாம். பொத்தான் வைத்த வண்டியில் ஓடும்போது ஒரு தட்டுத் தட்டினால் அணையாது, பெரும்பாலும் இரண்டு மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சாவி வண்டி என்றால் பூட்டு நிலைவரை திருப்பவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

அப்பா விஷயத்தில் கடைசியாக ஒன்று, கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்குச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள், எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது பாதம்தான். விபத்துக்காக இல்லை, வழக்கமான செக்கப் என்று அழைத்துப் போங்கள். வால்வு மாற்றி, மேட் சரிசெய்து, ஐடிலிங் ஒரு வாரம் அசையாமல் நின்றபின் ஆளில்லாத மைதானத்தில் அவரை ஓட்டச் சொல்லி, தம்பி பக்கத்தில் உட்காரட்டும். சாவியைத் தம்பியே எடுத்துக் கொடுக்கட்டும்.

ஆங், பெட்ரோல் போடும்போது பம்ப் முதல் முறை க்ளிக் என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் ரவுண்டாக வரட்டும் என்று அழுத்தி ஊற்றினால் பெட்ரோல் திரவமாகவே அந்தக் கரி டப்பாவுக்குள் போய்விடும், புது வால்வு போட்டாலும் மூன்று மாதத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.